மெய்யல்லாத அளவு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
என் பேட்ஜைக் கழற்றிக் கவரில் போட்டு
கூரியரில் அனுப்புவேன்.
எங்கோ ஓர் ஆய்வகத்தில் அதைச் சூடாக்கி
என்மேல் எவ்வளவு பட்டதென்று
எழுதி அனுப்புவார்கள்.
ஒன்பது வருடமாக ஒரே பதில், பூஜ்யம்.
ஈயக் கண்ணாடிக்கு இந்தப் புறம் இருப்பவள் நான்.

அந்தப் புறம் படுப்பவர்கள்
ஈரோட்டில் பெருந்துறை ரோட்டுக்கு
நசியனூர், காஞ்சிக்கோயில், அரச்சலூர் பஸ்களில்
வெறும் வயிற்றோடு வந்து இறங்குகிறார்கள்.
மஞ்சள் மண்டியில் மூட்டை சுமந்த முதுகு,
சாயப்பட்டறை இருமல்,
மொபெட்டிலிருந்து விழுந்து
"ஒண்ணுமில்லீங், எதுக்கும் பாத்துரலாம்னாங்க"
என்று சிரிக்கும் தலை.
நேற்று முப்பத்தொன்று.

ஏனுங் அம்மிணி, கரண்டு அடிக்குமுங்களா?
அடிக்காதுங்க.
மூச்ச இழுத்துப் புடிங்க.
விடுங்க.

பொங்கியண்ணன் வந்தது ஆடியில்.
பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர்.
மஞ்சப்பையில் நாலு பழைய படங்கள்,
நாலு ஆஸ்பத்திரி, நாலு உறை.
ஒருவர் எடுத்ததை இன்னொருவர் பார்ப்பதில்லை,
"புதுசா எடுத்துட்டு வரச் சொன்னாருங்."
விளக்கில் வைத்துப் பார்த்தேன்.
நாலிலும் அதே கல்,
அதே இடத்தில், குறுணை அரிசி அளவு.

அஞ்சாவது படம் காட்டில் இருக்கிறதாம்,
சோளத்துக்குள் கம்பு நட்டுக் கட்டியிருக்கிறாராம்.
"காத்துல பளிச்சு பளிச்சுங்குமுங்.
என்ற கிட்னியப் பாத்து மயிலே ஓடுது."

மேசையில் ஏறிப் படுத்தவர்
என் கோட்டைப் பார்த்தார்.
அதென்னுங்?
கதிர் எத்தனை படுதுன்னு கணக்கு வைக்கறதுங்க.
உங்களுக்குங்களா?
ஆமாங்க.
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
"தறிக்கே மீட்டர் இருக்குதுங்க,
எத்தன ஊடை ஓடுச்சுன்னு."

எதற்கென்று இன்றுவரை தெரியாது.
பேட்ஜைக் கழற்றி
அவர் பனியனில் குத்தினேன்.
மூச்ச இழுத்துப் புடிங்க.
விடுங்க.
திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டபோது
அதில் அவர் சூடு கொஞ்சம் இருந்தது.

கடிதம் கார்த்திகையில் வந்தது.
பன்னிரண்டு புள்ளி ஆறு. விளக்கம் தருக.
மேனேஜர் ஏசி அறையில் வியர்த்தார்.
கோயமுத்தூரிலிருந்து பாதுகாப்பு அதிகாரி
இரண்டு தரம் போன் செய்தார்.
எனக்கு ரத்தம் எடுத்தார்கள்,
ஒரு வாரம் பில் போடும் கவுண்டரில் உட்காரவைத்து
இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள்.
ஒரே ஒரு தடவைக்கு.

மெஷினைத் திட்டவில்லை நான்.
ஐப்பசி ராத்திரி ஒன்றரை மணிக்கு
பனியன் கம்பெனிப் பெண் ஒருத்தியின் தலைக்குள்
ரத்தக்கட்டைக் காட்டியது இதுதான்.
அவள் அம்மா என் கால்களைப் பிடித்துக்கொண்டாள்,
விடவே இல்லை.
எட்டு என்பது ஒருவருக்குப் பெரிதில்லை.
பத்தும் அப்படித்தான்.

ஆனால் கவுண்டரில் சும்மா இருந்த ஒரு மத்தியானம்
ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஒரு நாளைக்கு முப்பது,
மாதம் இருபத்தாறு நாள்,
இந்த ரோட்டில் மட்டும் எத்தனை போர்டு,
பிறகு கோபி, தாராபுரம், திருச்செங்கோடு...
பேனா நின்றுவிட்டது.
எந்த உடம்புக்கும் சொந்தமில்லாத ஒரு தொகை
காகிதத்தின் ஓரம் வரை போயிருந்தது.
அதே காகிதத்தில் யாரோ மீதிச் சில்லறை கேட்டார்கள்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
மெய்யான அளவு.
மெய்யல்லாத அளவு.
"கை தவறி உள்ளே விழுந்துருச்சுன்னு எழுதிரு"
என்றார் மேனேஜர்.
எழுதினேன்.
இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தேன்.
ஒரு மெய்யின் மேல்தான் பட்டது என்று சொல்ல
மூன்றாவது கட்டம் இல்லை.

தையில் திரும்ப வந்தார் பொங்கியண்ணன்.
கல் இறங்கிவிட்டதா என்று
பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.
என் கோட்டில் புது பேட்ஜைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
சட்டையைக் கழற்றி
கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில்
மாட்டினார்.